இரவல் கருவிகள்

சிறு மாதிரிகள் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் ஒரு கேள்வி வந்துவிடும்: வரைவதற்கு எந்த மென்பொருள்? ரயில் எஞ்சினோ தேரோ பாய்மரக் கப்பலோ, எதைச் செய்தாலும் இன்று வேலை கணினித் திரையில்தான் தொடங்குகிறது. திரையில் வரைந்ததை லேசர் வெட்டித் தருகிறது, முப்பரிமாண அச்சுப்பொறி பிசினில் எழுப்பித் தருகிறது. எனவே கேள்வி நியாயமானது. பதில்களும் வழக்கமான வழியிலேயே போகும். விலை என்ன, பழக எத்தனை நாளாகும், யூடியூபில் பாடம் இருக்கிறதா, என் பழைய மடிக்கணினியில் ஓடுமா?

எல்லாம் தேவையான கேள்விகள். ஆனால் இவை அனைத்துக்கும் பதில் கிடைத்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒருவர் தன் ஓய்வுப் பொழுதிலிருந்து ஐந்து வருடத்தை எடுத்து ஒரு கருவியைப் பழகுகிறார். அந்தக் கருவி அவருடையது அல்ல. இரவல் தரப்பட்டது. தந்தவர் எப்போது வேண்டுமானாலும் நிபந்தனையை மாற்றலாம். அப்படி மாற்றினால் அது துரோகமா? வாங்கியவருக்கு வருத்தப்படும் உரிமை உண்டா? யாருக்கு யார் கடன்பட்டவர்? மென்பொருள் தேர்வு என்பது விலைப்பட்டியல் விவகாரமாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது அறம் சார்ந்த கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

*

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க என் மேசை மேல் இருப்பதையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று வருடமாகப் பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதியைச் செய்துகொண்டிருக்கிறேன். 1914-ல் திறக்கப்பட்ட பாலம். கப்பலுக்கு வழிவிடும் அந்தத் தூக்குப் பகுதிக்கு, அம்முறையை வகுத்த சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் பெயர். இரண்டு இலைகள். ஒவ்வொரு இலையின் குதிகாலும் பெரிய சக்கரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு போல வளைந்திருக்கும். ஆடும் நாற்காலி பின்னால் சாய்வதைப் போல அந்த வளைவு பின்னோக்கி உருள, இலை மேலே எழும். ஊழியர்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி உருளாது, சாயாது, அப்படியே செங்குத்தாக மேலே போகும்.

நான் செய்வது 1:87 அளவில். 2007 வரை பாம்பனில் ஓடியது மீட்டர் கேஜ். 1000 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது, அரை மில்லிமீட்டரை மன்னித்துவிடலாம். அகலப்பாதைக் காலத்தைச் செய்ய நினைத்தால் 1676-ஐ வகுக்க 19 மி.மீ.-க்குச் சற்று மேலே வரும். ஆனால் கைக்கெட்டுவது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கான 16.5 மி.மீ.தான். நம்மூரில் அகலப்பாதை மாதிரி செய்கிற பெரும்பாலோர் அதில்தான் சமாதானமாகிறார்கள்.

ரிவெட்டுகள் இன்னொரு கதை. 30 மி.மீ. தலை கொண்ட ஒரு ரிவெட் இந்த அளவில் 0.34 மி.மீ. சாதாரண அச்சுப்பொறியின் மூக்குத் துளையே 0.4 மி.மீ. என்பதால் அதில் நடக்காது, ரெசின் அச்சுப்பொறிக்குப் போக வேண்டும். எஃகுச் சட்டகத்தில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். அத்தனையையும் திரையில் வைத்தால் மென்பொருள் மூச்சு வாங்கும். எதை விடுவது, எதை வைப்பது?

மாதிரி செய்வது என்பதே எந்தப் பொய்யை என்னால் சகித்துக்கொள்ள முடியும் என்று வரிசையாக முடிவெடுப்பதுதான். தண்டவாளத்திலும் ரிவெட்டிலும் நாம் இதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து தெரிந்துகொண்டு செய்கிறோம். மென்பொருள் விஷயத்தில் மட்டும் அளப்பதில்லை. "ஃப்ரீயாத்தான கிடைக்குது" என்று தரவிறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

*

அந்த "ஃப்ரீ"யின் வரலாறு சுருக்கமானது. ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளை உருவாக்கிய சிறு நிறுவனத்தை 2006-ல் கூகுள் வாங்கியது, இலவசப் பதிப்பைப் பரவலாகக் கொடுத்தது. வீடு வரைகிறவர்களும் ரயில் மாதிரிக்காரர்களும் அதில் குடியேறினார்கள். 2012-ல் அது ட்ரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடிய இலவசப் பதிப்பு 2017-ஓடு நின்றது, அதன் பிறகு இலவசம் உலாவிக்குள் மட்டும். ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் 360 பொழுதுபோக்காளர்களுக்கு இலவசமாக வந்தது. 2020 செப்டம்பரில் தனிநபர் உரிமத்துக்குப் புதிய வரம்புகள் அறிவிக்கப்பட்டன. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்து மட்டும். பிற மென்பொருள்களுக்கு எடுத்துச்செல்லும் ஸ்டெப் வடிவில் கோப்பை ஏற்றுமதி செய்யும் வசதி நீக்கப்படும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த ஒன்றைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆன்ஷேப்பில் இலவசமாக வரையலாம், ஆனால் வரைவது எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. நிபந்தனை மாறலாம் என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் சம்பளம் வாடிக்கையாளர்கள் மாதாமாதம் கட்டும் சந்தாவிலிருந்து வருகிறது. சேவையகத்துக்கு மின்கட்டணம் உண்டு, பிழை திருத்துகிறவருக்கு வீட்டுக்கடன் உண்டு. "எல்லாம் எனக்குச் சும்மா வேண்டும், என்றென்றைக்கும் வேண்டும்" என்பது கோரிக்கையே அல்ல, அடம். ஆகவே துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நிபந்தனையை மாற்ற நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரு கூட்டம், ஒரு அறிவிப்பு. அதை ஏற்காமல் வெளியேற எனக்கு ஆகும் செலவு சில வருடங்கள். எந்தப் பொத்தான் எங்கே என்பது இப்போது என் மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது. கோப்பை ஏற்றுமதி செய்யலாம், விரலை ஏற்றுமதி செய்ய முடியாது. உறவில் ஒரு தரப்பு மட்டுமே சுலபமாக எழுந்து போக முடியுமென்றால், சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தும் அது சரிசமமான உறவு அல்ல.

நம் கிராமங்களில் இதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. குத்தகை நிலத்தில் கடலை போடலாம், எள் விதைக்கலாம். தென்னம்பிள்ளை வைக்கமாட்டார்கள். நிலத்துக்காரர் கெட்டவர் என்பதால் அல்ல. தென்னை காய்க்க எடுக்கும் காலமும் குத்தகையின் காலமும் ஒன்றல்ல என்பதால். நாம் இரவல் மென்பொருளில் தென்னை வைக்கிறோமா, கடலை போடுகிறோமா? இதைக் கேட்காமலேயே நட்டுக்கொண்டு போகிறோம்.

ஒரு மறுப்பு உடனே வரும். வாடகை ஆட்டோ ஓட்டுகிறவரும் ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டுகிறார். அலுவலக மடிக்கணினிக்கும் பொட்டு வைக்கிறோம். கருவியோடு மனிதனுக்கு உள்ள உறவு பட்டா பார்த்தா வருகிறது? வருவதில்லைதான். பற்று பத்திரம் பார்க்காது. அதனால்தான் பற்று வருவதற்கு முன்னால் பத்திரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

*

"கோப்பைத்தான் ஏற்றுமதி செய்துகொள்ளலாமே, பிறகென்ன?" என்று கேட்பவர்களுக்கு, இந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாண்டு பொறியியலில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நாம் போட்டது கோடு. கோடு போட்டால் அது அங்கேயே கிடக்கும். இன்றைய மென்பொருள்கள் வடிவத்தைச் சேமிப்பதைவிட வடிவம் உருவான வரலாற்றைச் சேமிக்கின்றன. இந்தத் தளத்தில் இந்த வட்டத்தைப் போடு, இத்தனை மி.மீ. இழு, அந்த விளிம்பை மழுக்கு, இதை இருபது முறை அடுக்கு. ஷெர்சர் இலையின் வளைவு ஆரத்தை நான் ஓரிடத்தில் மாற்றினால், அதைச் சார்ந்த குறுக்குச் சட்டங்களும் பற்களும் எல்லாம் தாமாகவே ஒழுங்காகிக்கொள்ளும். அதுதான் இதன் மாயம்.

ஸ்டெப் என்பது ஐ.எஸ்.ஓ. 10303 என்ற பொதுத் தரம், நல்ல விஷயம். ஆனால் அதில் வெளியே போவது பெரும்பாலும் கடைசி வடிவம் மட்டும்தான். ஏன் அந்த ஆரம், எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரலாறு கூடப் போவதில்லை. அச்சுப்பொறிக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பு இன்னும் மோசம். வெறும் முக்கோணங்கள். மில்லிமீட்டரா அங்குலமா என்பதுகூட அதில் இருக்காது. உடல் நம்மோடு வந்துவிடுகிறது, நினைவு அங்கேயே தங்கிவிடுகிறது.

இந்த நினைவு எவ்வளவு நொய்மையானது என்பதைக் கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் பல வருடம் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியின் ஆறாவது முகத்தில் துளை போட்டிருப்பீர்கள். பிறகு பின்னால் போய்ப் பெட்டியின் அடிப்படை வரைபடத்தைச் சற்றுத் திருத்துவீர்கள். இப்போது எது ஆறாவது முகம்? மென்பொருள் மறுபடி எண்ணும்போது வேறொரு முகத்துக்கு அந்த எண் போய்விடும், துளையும் அங்கே தாவிவிடும். இதற்குப் பெயரே "பெயரிடல் சிக்கல்". உருவம் மாறிக்கொண்டே இருக்கும்போது "அதே முகம்" என்று எதைச் சொல்வது? தத்துவ வகுப்பில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பலை வைத்து இதையே கேட்பார்கள். ஃப்ரீகேட்டில் இது ஒரு பிழையாகவே கிடந்தது. ஒரு தன்னார்வ நிரலாளர் தனிக்கிளையில் பல வருடம் உழைத்தார். அந்த உழைப்பை அடிப்படையாகக் கொண்ட தீர்வு 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் மையத்தில் சேர்ந்தது. ஃப்ரீகேட் முதலில் வெளிவந்தது 2002-ல். ஒன்று என்ற எண்ணைத் தொட இருபத்திரண்டு வருடம்.

*

ஆக, சொந்த நிலத்துக்கும் விலை உண்டு. பணமாக இல்லை, பொறுமையாக. ஃப்ரீகேட்டில் ஒரு மூலையை மழுக்கப் போய் மொத்தமும் சிவப்பாகி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் என் வன்தட்டில் இருக்கும் பிரதியை யாரும் திரும்பக் கேட்க முடியாது. உருவாக்கியவர்கள் அனைவரும் நாளை வேறு வேலைக்குப் போனாலும் அது ஓடும்.

தமிழில் இதற்கு "கட்டற்ற" என்ற சொல்லைப் பிடித்தது அழகு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் குழம்பிக் கிடக்கும் இரண்டு பொருள்களும் நமக்கு இலவசம், கட்டற்றது என்று தனித்தனியாக நிற்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் ஒன்று கட்டுகளோடு இருக்கலாம். கட்டற்ற ஒன்றை விலை கொடுத்தும் வாங்கலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. பிளெண்டரை உருவாக்கிய நிறுவனம் 2002-ல் மூடப்பட்டபோது, அதன் மூலநிரலை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டது. பயனர்கள் ஏழு வாரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். இரவல் கருவியைத் திரும்பக் கேட்டபோது, புலம்புவதோடு நிற்காமல் சேர்ந்து விலைக்கு வாங்கிப் பொதுவில் வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருளைத் தரவிறக்கி, ஒரு பிழையைக்கூடத் தெரிவிக்காமல், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல், "இன்னும் சரியா வேலை செய்யல" என்று குறைப்படுகிறவரும் இரவல்காரர்தான். ஊர்ப் பொதுக்குளத்தில் குளிப்பதற்கு உரிமை உண்டு என்றால் தூர்வாரும் நாளில் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பதும் உண்டு.

நம்மூரின் மூன்றாவது வழி, பூட்டு உடைத்த பிரதி. கல்லூரி விடுதியில் குறுந்தகட்டில் கைமாறும் ஆட்டோகேட்டைப் பார்க்காத பொறியியல் பட்டதாரி என் தலைமுறையில் அரிது. "வாங்கவே முடியாதவன் எடுத்தா யாருக்கு நஷ்டம்?" என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மியூனிக் சம்பளத்துக்கு வைத்த விலை மதுரைச் சம்பளத்துக்கு ஒத்துவராது. ஆனால் உடைத்த பிரதி நம்மை விடுவிப்பதில்லை. அதே விரல் அதே பொத்தானுக்குத்தான் பழகுகிறது. நாளை வேலைக்குப் போகிற இடத்தில் அதே மென்பொருளைத்தான் கேட்போம். திருடியதாக நினைக்கிறோம், உண்மையில் இலவசமாகப் பயிற்சி பெற்ற வாடிக்கையாளர்களாக ஆகியிருக்கிறோம்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி, ஓப்பன்எஸ்கேட். அதில் வரைவதே இல்லை, எழுதுவதுதான். ஒரு உருளை, அதிலிருந்து கழிக்க இன்னொரு உருளை. கோப்பு வெறும் உரை. வரலாறும் வடிவமும் ஒன்றே என்பதால் இழக்க எதுவுமில்லை, எந்த உரைத்திருத்தியிலும் படிக்கலாம். எல்லா அளவுகோல்களிலும் இதுதான் என் தேர்வாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பகலெல்லாம் நிரல் எழுதிவிட்டு இரவிலும் அரைப்புள்ளி போட்டுக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. இதையும் ஒரு காரணமாகச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அலுவலக வேலையில் விளைவு சரியென்றால் கருவி எப்படி இருந்தாலும் போகிறது. பொழுதுபோக்கில் செலவாகும் அந்த மணிநேரம்தான் விளைவு.

*

இந்த வாதங்களை எல்லாம் நான் வசதியாக அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். மவுண்ட் போர்டும் பேப்பர் கட்டரும் வைத்து மீட்டர் கேஜ் பெட்டிகள் செய்பவர். ஒய்.பி. நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்ய ஆசை, அதற்கு முப்பரிமாண அச்சு வேண்டும். எந்த மென்பொருள் என்று கேட்டார். கட்டற்றது, இரவல், தென்னை, கடலை என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயசு. நீ சொல்றத ஒழுங்கா கத்துக்க ரெண்டு வருஷம்ங்கற. எங்கிட்ட இருக்கறதே கொஞ்ச வருஷம். அதுல ரெண்ட எடுத்து எதுல போடறதுன்னு நீயே சொல்லு."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொள்கைக்கு விலை உண்டு என்று தெரியும், அதை நான் என் வயதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அவருக்கு அதையே பரிந்துரைத்தால் அவர் வயதிலிருந்து எடுக்கிறேன். பத்து வருடம் கழித்துக் கோப்பு திறக்குமா என்ற என் கவலை, அடுத்த தீபாவளிக்குள் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்ற அவர் ஆசையைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? நிறுவனத்தின் இலவசப் பதிப்பையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "சார், சீக்கிரம் பிடிபட்டுடும்."

பிடிபட்டது. மூன்று மாதத்தில் கொதிகலன் திரையில் நின்றது. ஆனால் என் மடிக்கணினியில் நான் வரைந்த பாலத்தைக் காட்டியபோது அவர் கேட்டதுதான் என் யோசனையைத் திருப்பியது.

"அழகா இருக்கு. இதுல அளவு எங்க?"

சொடுக்கிக் காட்டினேன்.

"நீ தொட்டாதான் சொல்லுமா? அப்ப இது படம் தம்பி. டிராயிங் இல்ல."

அவர் சொன்னது பணிமனையின் பழைய விதி. வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. காகிதம் சுருங்கும், பிரதி நீளும். எழுதியிருக்கும் எண்தான் அளவு. கோடு அந்த எண்ணுக்கு உதவி மட்டும். அவர் தன் எஞ்சினுக்கும் அப்படித்தான் செய்திருந்தார். பெரிய தாள்களில் மூன்று பார்வைகள், ஒவ்வொன்றிலும் அளவுகள், ஓரத்தில் எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு. எது பணிமனை வரைபடத்திலிருந்து, எது புகைப்படத்திலிருந்து கணித்தது, எது தன் ஊகம். திரையில் இருப்பது அந்தத் தாளிலிருந்து செய்துகொண்ட ஒன்று. "அது போனா போகட்டும். தாள் இருக்குல்ல, திரும்ப போட்டுக்கலாம்."

*

எந்த மென்பொருள் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். எது நிலைக்க வேண்டும், எது போனால் பரவாயில்லை என்ற பிரிவினையைச் செய்யவே இல்லை. அவர் செய்திருந்தார். தென்னை, சொந்தக் கொல்லையில். கடலை, யார் நிலம் கிடைத்தாலும்.

மாதிரிக்காரர் உண்மையில் சேகரிப்பது வடிவத்தை அல்ல. ஒரு பொருளைப் பற்றிய அறிவை. ஷெர்சர் வளைவின் ஆரம் இவ்வளவு, இதை இந்தப் படத்திலிருந்து இப்படிக் கணித்தேன், இந்த இடத்தில் ரிவெட் வரிசையை வேண்டுமென்றே விட்டேன். ரயில் போகாத பாலம் என்றாவது ஒருநாள் இல்லாமலும் போகும். அப்போது பின்னால் வருகிற ஒருவருக்கு உதவப்போவது இந்தக் குறிப்புகள்தான். இவற்றை மட்டும் யாருடைய அனுமதியும் இல்லாமல் படிக்கக்கூடிய இடத்தில் வைப்பது நம் பொறுப்பு. காகிதம், உரைக்கோப்பு, லிப்ரேகேட் போன்ற கட்டற்ற கருவியில் போட்டு அளவு எழுதிய இருபரிமாண வரைபடம் என எதுவாகவும் இருக்கலாம். அது பத்திரமானால், மேலே கட்டும் முப்பரிமாண உருவத்துக்கு இரவல் கருவியை நன்றியோடு பயன்படுத்துவதில் தவறில்லை. திரும்பக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. விரலில் ஏறிய பழக்கத்தைத் தாளில் எழுதிவைக்க முடியாது. எல்லோரும் கடலைக்கு இரவல் நிலத்துக்கே போனால் பொதுக்குளத்தைத் தூர்வார யார் இருப்பார்கள் என்ற கேள்வியும் நிற்கிறது. அதனால்தான் நான் ஃப்ரீகேட்டிலேயே இருக்கிறேன். எனக்கு வயது இருக்கிறது, நிரல் தெரியும், பிழை கண்டால் விவரமாக எழுதி அனுப்ப முடியும். அது என்னால் கொடுக்க முடிகிற விலை. அடுத்து யாராவது எந்த மென்பொருள் என்று கேட்டால், பெயர் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: உங்களிடம் எவ்வளவு காலம் இருக்கிறது? அளவுகளை எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொல்கிறேன்.